சோழமண்டலம் கண்ட ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர்

ஓர் ஓவியரின் பெருமையை அவர் தீட்டிய படங்களைக் கொண்டு அளப்பது உலக வழக்கம். சிற்பியின் பெருமையை அவர் செதுக்கிய சிலைகளைக் கொண்டு அளப்பர். தாம் தீட்டிய படங்களோடு, தாம் அமைத்த ஓர் ஊரினாலும் நிலைத்து நிற்கும் ஓவியர் ஒருவர் உண்டு. அவர்தாம் கே. சி. எஸ். பணிக்கர். சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், வங்கக் கடலின் ஓசை கேட்கும் தொலைவில், 1966 ஆம் ஆண்டு அவர் முன்னின்று தோற்றுவித்த சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை இன்றும் நாம் சென்று காணலாம். மரங்களின் நிழலில் கல்லும் செம்பும் இரும்பும் உருவங்களாகி நிற்கும் அதன் திறந்தவெளிச் சிற்பப் பூங்காவைக் காண நாள்தோறும் பலர் வருகின்றனர். அவர்களில் எத்தனை பேர் அந்த ஊரைக் கட்டியவரின் வாழ்க்கையை அறிவார்கள்?

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் இராணிப்பேட்டையிலும் இருந்து இக்கல்லூரிக்கு வந்து பயில்கின்ற நமக்கு, ஓவியர் ஒருவரின் வாழ்க்கை எதற்கு என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். பணிக்கரின் வாழ்க்கை முழுவதும் ஒரே ஒரு வினாவைச் சுற்றியே சுழன்றது. கையில் கலை இருப்பவன் வயிற்றுக்கு என்ன செய்வது என்பதே அந்த வினா. தோலை நம்பி உண்ணும் நம் ஊர்களில், படம் வரையும் பிள்ளை பிறந்த ஒவ்வொரு வீட்டிலும் எழுகின்ற வினாவும் அதுவே. என் வீட்டிலும் அது எழுந்தது. ஆகவேதான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

தந்தி அலுவலகத்தில் ஓர் ஓவியர்

பணிக்கர் 1911 ஆம் ஆண்டு மே மாதம் 31 ஆம் நாள் கோயம்புத்தூரில் பிறந்தார். குடும்பம் கேரளத்தைச் சேர்ந்தது. இளமையில் அவர் பயின்ற பொன்னானிப் பகுதி, வாய்க்கால்களும் தென்னந்தோப்புகளும் நெல்வயல்களும் நிறைந்த பசுமையான நாடு. அந்தப் பசுமை அவருடைய கண்ணை விட்டு இறுதிவரை அகலவில்லை. சிறுவனாக இருந்தபோதே நீர்வண்ணத்தில் இயற்கைக் காட்சிகளை வரையத் தொடங்கிய அவர், பதினேழு வயதிலேயே சென்னை நுண்கலைச் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சியில் தம் படங்களை வைக்கும் அளவுக்கு வளர்ந்தார். பின்னர்ச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் சேர்ந்து பயின்றார்.

இங்கேதான் அவருடைய வாழ்க்கை முதல் திருப்பத்தைச் சந்தித்தது. தந்தையார் இறந்தார். குடும்பத்தின் சுமை இளைஞர் பணிக்கரின் தோளில் இறங்கியது. கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டுத் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். வண்ணம் குழைத்த விரல்கள் அலுவலகத் தாள்களைப் புரட்டின. தம் வயதொத்தவர்கள் ஓவியப் பள்ளியில் பயின்றுகொண்டிருந்த ஆண்டுகளில் அவர் மாதச் சம்பளத்திற்கு உழைத்துக்கொண்டிருந்தார்.

சென்னை அரசு கலைத்தொழிற் பள்ளியில் அவர் மாணவராகச் சேர்ந்தது 1936 ஆம் ஆண்டில். அப்போது அவருக்கு வயது 25. உடன் பயின்றவர்களில் பலர் அவரை விட இளையவர்களாகவே இருந்திருக்க வேண்டும். பசித்த வீட்டைக் காத்துவிட்டுக் கலைக்கு வந்தவர் என்பதை நாம் மறத்தலாகாது. பிற்காலத்தில் அவர் கட்டிய ஊரின் அடிக்கல் அந்தத் தந்தி அலுவலகத்திலேயே நடப்பட்டுவிட்டது என்றால் அது மிகையாகாது.

ஆசிரியர் பணிக்கர்

சென்னைக் கலைத்தொழிற் பள்ளி பழம்பெருமை வாய்ந்தது. அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவரால் 1850 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. தச்சு, உலோக வேலை, மட்பாண்டம் முதலிய கைத்தொழில்களைக் கற்பிப்பதே அதன் தொடக்க கால நோக்கம். பணிக்கர் பயின்ற நாளில் அதன் முதல்வராக விளங்கியவர் வங்கத்துச் சிற்பியும் ஓவியருமான தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னை மெரினாக் கடற்கரையில் பாறையை நெம்பிப் புரட்டும் உழைப்பாளர் சிலையைக் காணாதவர் நம்முள் இலர். 1959 ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அச்சிலையை வடித்தவர் அவரே.

1940 ஆம் ஆண்டு படிப்பை முடித்த பணிக்கர், விரைவிலேயே அப்பள்ளியில் ஆசிரியரானார். 1944 ஆம் ஆண்டு நண்பர்களையும் மாணவர்களையும் சேர்த்து முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். பம்பாயும் கல்கத்தாவுமே ஓவிய நகரங்கள் என்று பேசப்பட்ட காலம் அது. தென்னாட்டிலும் புதிய ஓவியம் உண்டு என்று காட்ட அச்சங்கம் கண்காட்சிகளை நடத்தியது. ராய் சௌத்ரி ஓய்வு பெற்றபின், 1957 ஆம் ஆண்டு பணிக்கர் முதல்வர் பொறுப்பை ஏற்றார். பத்தாண்டுகள், அதாவது 1967 வரை, அப்பொறுப்பில் இருந்தார்.

அவர் காலத்தில் அங்குப் பயின்றும் பணியாற்றியும் வளர்ந்த கலைஞர்களின் பெயர்களே அவருக்குச் சான்று. ரெட்டப்ப நாயுடு, சந்தானராஜ், ஆதிமூலம், ஜானகிராம், வாசுதேவ், விசுவநாதன், அரிதாசன், சேனாதிபதி என்று அப்பட்டியல் நீளும். இவர்களுள் ஏ. பி. சந்தானராஜ் நம் பழைய வடஆர்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திருவண்ணாமலையில் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

எழுத்தும் குறியும்

ஓவியராகப் பணிக்கர் நடந்த பாதையும் எளிதன்று. தொடக்கத்தில் கேரளத்து வாய்க்கால்களையும் தோப்புகளையும் நீர்வண்ணத்தில் தீட்டியவர், பின்னர் மேலைநாட்டு ஓவியர்களான வான்கோ, கோகன் ஆகியோரின் வண்ணங்களில் ஈடுபட்டார். 1954 ஆம் ஆண்டு ஐரோப்பா சென்று தம் படங்களைக் காட்சிக்கு வைத்தார். அங்கே உருவமற்ற ஓவியங்களைக் கண்ணாரக் கண்டார். கண்டதனால் ஒரு கவலையும் பிறந்தது. மேலைநாட்டாரின் மொழியிலேயே நாமும் பேசிக்கொண்டிருந்தால் நமக்கென்று ஒரு குரல் எப்போது பிறக்கும் என்பதே அக்கவலை.

அதற்கு விடை கிடைக்கப் பத்தாண்டுகள் ஆயின. 1963 அளவில் அவர் தொடங்கிய ஓவிய வரிசைக்கு எழுத்துகளும் குறிகளும் என்று பெயர். மாணவர் ஒருவரின் கணக்கு நோட்டுப் புத்தகத்தின் பக்கங்கள் அதற்கு வித்திட்டன என்பர். எண்களும் கோடுகளும் கட்டங்களும் எழுத்துகளும் நெருங்கிக் கிடந்த அப்பக்கங்களை அவர் ஓவியமாகவே கண்டார். சோதிடரின் ஜாதகக் கட்டங்களும், தாந்திரிகச் சக்கரங்களும், மலையாள எழுத்தின் வளைவுகளும் அவருடைய துணியில் இடம்பெறத் தொடங்கின. அந்த எழுத்துகளைப் படித்துப் பொருள் காண முயன்றால் தோல்வியே மிஞ்சும். அவை படிப்பதற்கு எழுதப்பட்டவை அல்ல, பார்ப்பதற்கு எழுதப்பட்டவை. கோயில் சுவரில் உள்ள பழங்கல்வெட்டைப் படிக்கத் தெரியாத சிற்றூர் மனிதரும் அதன் முன் ஒரு கணம் நிற்பாரல்லவா? அதுபோன்ற நிற்றலையே அவர் வேண்டினார்.

கைத்தொழில் கட்டிய ஊர்

முதல்வர் நாற்காலியில் அமர்ந்திருந்த பணிக்கரை ஓயாது வாட்டியது வேறொரு காட்சி. ஆண்டுதோறும் திறமை மிக்க மாணவர்கள் படித்து முடித்து வெளியேறினர். வெளியேறியபின் அவர்களுக்கு என்ன இருந்தது? அன்றைய சென்னையில் ஓவியங்களைக் காட்டும் கூடங்கள் மிகக் குறைவு. விலை கொடுத்து வாங்குவோர் அதனினும் குறைவு. சிலர் நெசவாளர் சேவை மையத்தில் துணிக்கு வடிவம் வரைந்தனர். சிலர் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராயினர். சிலர் விளம்பர நிறுவனங்களுக்குச் சென்றனர். தூரிகையை அடியோடு மறந்தவர்களும் உண்டு. தம் இளமையில் தந்தி அலுவலகம் செய்த வேலையை இவர்களுக்கு வேறு அலுவலகங்கள் செய்துகொண்டிருந்தன.

இதற்குப் பணிக்கர் கண்ட வழி வியப்பானது. கலையை விற்று வாழாதே, கைத்தொழிலை விற்று வாழ், கலையை உன் விருப்பம்போல் செய் என்பதே அவ்வழியின் சாரம். துணியின்மேல் உருக்கிய மெழுகால் வரைந்து, பிறகு சாயத்தில் தோய்த்தால், மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. மெழுகை நீக்கினால் கோலம் தெரியும். ஜாவாத் தீவில் பெயர் பெற்ற இம்முறைக்குப் பாத்திக் என்று பெயர். 1960களின் நடுப்பகுதியில் பணிக்கரின் மாணவர்களும் நண்பர்களும் இவ்வாறு பாத்திக் துணிகளையும் பிற கைவினைப் பொருள்களையும் செய்து விற்கத் தொடங்கினர். கலைஞர் கைவினைச் சங்கம் ஒன்று உருவாயிற்று. நகரத்தார் அப்பொருள்களை விரும்பி வாங்கினர். ஓவியத்தை வாங்கத் தயங்கிய கைகள் துணியை வாங்கத் தயங்கவில்லை.

சேர்ந்த பணத்தைக் கொண்டு அவர்கள் நிலம் வாங்கினர். ஈஞ்சம்பாக்கத்தில், சவுக்கும் மணலுமாகக் கிடந்த சில ஏக்கர் நிலம் அது. அந்நாளில் இன்றைய அகன்ற கிழக்குக் கடற்கரைச் சாலை இல்லை. கடைவீதியோ உணவு விடுதியோ கேளிக்கைப் பூங்காவோ இல்லை. நகரத்தை விட்டு விலகிய வெறும் நாட்டுப்புறம். அங்கே முப்பது நாற்பது கலைஞர்கள் 1966 இல் கூடி, தமக்கென்று வீடுகளையும் பட்டறைகளையும் அமைக்கத் தொடங்கினர். சோழ நாட்டுக் கடற்கரைக்குரிய பழம்பெயரையே தம் ஊருக்குச் சூட்டினர். ஐரோப்பியர் நாவில் கோரமண்டல் என்று திரிந்துபோன அதே பெயர்தான் அது.

அப்போது பணிக்கருக்கு வயது 55. அரசுப் பணியில் பிறர் ஓய்வைப் பற்றி எண்ணும் பருவத்தில் அவர் மணலில் ஊர் கட்டப் புறப்பட்டார். ஓய்வு பெற்றபின் தாமும் அங்கேயே வந்து குடியமர்ந்தார். பகலில் ஒரு பொழுது கைத்தொழில், மறுபொழுது கலை என்று வாழ்க்கை அமைந்தது. கைவினைப் பொருள்களின் விற்பனையில் ஒரு பங்கு பொதுச் செலவுக்குச் சென்றது. பாரதியின் பெயரால் ஒரு திறந்தவெளி அரங்கமும் எழுந்தது. நாடகமும் கவிதையும் ஆடலும் அங்கே அரங்கேறின.

1976 ஆம் ஆண்டு லலித் கலா அகாதெமி பணிக்கரைத் தன் சிறப்புறுப்பினராகத் தேர்ந்து பெருமை செய்தது. அடுத்த ஆண்டு, 1977 ஜனவரியில், தம் 65 ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார். திருவனந்தபுரத்து அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரால் ஓர் ஓவியக்கூடம் இன்றும் உள்ளது.

பூங்காவில் கண்டவை

எங்கள் துறையின் கல்விச் சுற்றுலாவில் மாமல்லபுரம் செல்லும் வழியில் சோழமண்டலத்தில் இறங்கினோம். மாமல்லபுரத்துப் பாறையும் ஒரு திறந்தவெளிச் சிற்பக்கூடமே என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரே சாலையில் பதின்மூன்று நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு சிற்பப் பூங்காக்கள் அமைந்திருப்பது புலனாகும். ஒன்று அரசன் செய்வித்தது. மற்றொன்று கலைஞர்கள் தாமே துணிக்குச் சாயமிட்டுச் சேர்த்த காசில் பிறந்தது.

பூங்காவில் காவல் கயிறு இல்லை. கண்ணாடிப் பெட்டி இல்லை. வெயிலும் மழையும் கடற்காற்றும் சிற்பங்களின்மேல் வீசிக்கொண்டே இருக்கின்றன. கருங்கல்லில் சில உருவங்கள் பாதி செதுக்கி விட்டாற்போல் நிற்கின்றன. செம்பிலும் பித்தளையிலும் அமைந்தவற்றில் பச்சைக் களிம்பு ஏறியுள்ளது. நம் வேலூர்க் கோட்டைக்குள் சலகண்டேசுவரர் கோயில் மண்டபத்தில் யாளியையும் குதிரையையும் கண்டு பழகிய கண்களுக்கு இச்சிற்பங்கள் முதலில் புதிராகவே தோன்றும். கை எது, முகம் எது என்று தேட வேண்டியிருக்கும்.

அங்கே வாழ்ந்த சிற்பிகளுள் பி. வி. ஜானகிராம் குறிப்பிடத்தக்கவர். 1930 இல் பிறந்து 1995 இல் மறைந்த அவர், உலோகத் தகட்டை வெட்டியும் தட்டியும் ஒட்டியும் உருவங்களை அமைத்தார். நம் கோயில்களில் மூலவருக்குச் சார்த்தும் கவசம் நினைவுக்கு வரும். கவசத்துக்கு முன்பக்கம் மட்டுமே உண்டு. ஜானகிராமின் சிற்பங்களும் முன்முகம் கொண்டு நிற்பவையே. பணிக்கரின் மைந்தர் எஸ். நந்தகோபாலும் செம்பைப் பற்றவைத்துச் சிற்பங்கள் செய்தவர். தந்தைக்குப்பின் அவ்வூரின் பொறுப்பை நெடுங்காலம் சுமந்த அவர் 2017 இல் மறைந்தார்.

சுற்றுலா முடிந்து திரும்பியபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை மீண்டும் அங்கே சென்றேன். இம்முறை என் தந்தையாரும் தம்பியும் உடன் வந்தனர். ஆம்பூரில் அதிகாலை ரயில் ஏறினோம்.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தோலை நம்பி வாழும் குடும்பம். பாட்டனார் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளில் இறங்கித் தோல் பதனிட்டவர். தாயார் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறார். தந்தையார் தோல் வெட்டும் பிரிவில் முப்பது ஆண்டுகளாக உழைப்பவர். ஒரு தோலை விரித்ததும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். எங்கே உண்ணி கடித்த வடு, எங்கே முள் கிழித்த தழும்பு, எங்கே வயிற்றுப் பகுதியின் தளர்ச்சி என்று விரல் சொல்லிவிடும். அந்தக் குறைகளை விலக்கி, ஓர் அங்குலமும் வீணாகாமல், எத்தனை துண்டு எடுக்கலாம் என்று கணக்கிட்ட பின்னரே கத்தியை எடுப்பார். இந்தத் திறமையை எவரும் கலை என்று சொன்னதில்லை. சொல்வது இருக்கட்டும்; தோலைத் தொட்டவர்களைத் தெருவின் கோடியில் நிறுத்திய ஊர்களும் உண்டு என்பது நாம் அறியாததன்று.

தம்பி பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன். நோட்டுப் புத்தகங்களின் கடைசிப் பக்கங்கள் எல்லாம் அவனுடைய படங்கள். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவன் விருப்பம். பணிக்கர் பயின்று, முதல்வராகவும் இருந்த அதே கல்லூரிதான் அது. தந்தையாரோ ஷூ கம்பெனியில் இடம் பார்த்து வைத்திருந்தார். படம் வரைந்து எவன் சோறு தின்றான் என்பது அவருடைய கேள்வி. அக்கேள்வியில் கோபம் இல்லை, அச்சமே இருந்தது. மாதக் கடைசியில் கடன் வாங்கிப் பழகிய வீட்டின் அச்சம்.

பூங்காவில் தந்தையார் எதையும் பேசவில்லை. கற்சிலைகளைக் கடந்து நடந்தார். உலோகத் தகட்டால் ஆன ஒரு சிற்பத்தின்முன் நின்றுவிட்டார். சுற்றி வந்தார். பின்புறம் குனிந்து, தகடுகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். வீட்டில் தோலைத் தடவும் அதே விரல், அதே பார்வை. பிறகு தம்பியை அழைத்து, இந்த வளைவை ஒரே தகட்டில் எடுத்திருக்கிறார்கள் பார், இங்கே ஒட்டு இல்லை, வெட்டியவன் முதலிலேயே முழுவதையும் மனத்தில் கண்டிருக்க வேண்டும் என்கிற பொருளில் விளக்கத் தொடங்கினார். கால் மணி நேரம் விளக்கினார். தம்பி கேட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சிற்பத்தைப் பற்றி நான் படித்து வைத்திருந்த எதையும் சொல்ல வேண்டிய தேவை எழவில்லை.

திரும்பும் வழியில் பணிக்கரின் வாழ்க்கையை நான் தந்தையாருக்குச் சொன்னேன். ஐரோப்பியப் பயணமும் அகாதெமிச் சிறப்பும் அவரை அசைக்கவில்லை. தந்தை இறந்ததும் படிப்பை விட்டுத் தந்தி அலுவலகத்தில் உழைத்துக் குடும்பத்தைக் காத்தார் என்ற இடத்தில்தான் நிமிர்ந்து பார்த்தார். மெழுகும் சாயமும் கொண்டு துணி செய்து விற்று நிலம் வாங்கினார்கள் என்ற இடத்தில் எவ்வளவுக்கு விற்றார்கள் என்று கேட்டார். காட்பாடி வந்தபோது ஒரு முடிவுக்கும் வந்திருந்தார். தம்பி கவின்கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் சேரும்வரையிலும், சேர்ந்தபின் விடுமுறைகளிலும், தம்மிடம் தோல் வெட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். பணிக்கர் தம் மாணவர்களுக்கு இட்ட நிபந்தனையும் ஏறத்தாழ இதுவே. இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள்.

நிறையும் குறையும்

பணிக்கரின் ஊர் எல்லா நோய்க்கும் மருந்தாகிவிட்டது என்று எழுதினால் அது உண்மையாகாது. தொடங்கியவர்களில் சிலர் நெடுநாள் தங்கவில்லை. விசுவநாதன் பாரிஸ் நகரில் குடியேறினார். கனவுலகக் காட்சிகளைக் கறுப்பு மையில் வரைந்த இராமானுஜம் என்னும் அரிய ஓவியர் மனநோயால் துன்புற்றவர். பணிக்கர் அவரை அன்போடு அணைத்துக் காத்தார். சோழமண்டலத்தில் அவருக்கு இடமும் கிடைத்தது. ஆயினும் 1973 இல், முப்பதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே, அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஓர் ஊர் கூரையும் சோறும் தோழமையும் தரலாம். உள்ளத்தின் எல்லாப் புண்களையும் ஆற்றிவிட அதனால் இயலுவதில்லை.

காலமும் மாறிவிட்டது. ஓவியங்களுக்கு விலை ஏறியதும் பாத்திக் துணிகளின் தேவை குறைந்தது. கைத்தொழிலால் வாழ்தல் என்ற முதல் நோக்கம் மெல்லப் பின்னுக்குச் சென்றது. மணற்காடாய் இருந்த இடம் இன்று விலை மதிப்பற்ற மனைகளுக்கு நடுவே நிற்கிறது. ஊரைத் தோற்றுவித்தவர்களில் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். 2009 ஆம் ஆண்டு அங்கே ஒரு கலை மையம் திறக்கப்பெற்று, சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகள் நிலையான காட்சிக்கு வைக்கப்பெற்றன. வாழும் ஊராகத் தொடங்கியது, காணும் இடமாகவும் மாறியிருக்கிறது.

இருப்பினும் நிறையே மிகுதி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புகழ் பெற்ற சிற்பப் பூங்காக்கள் பல உண்டு. நியூயார்க் அருகே உள்ள ஸ்டார்ம் கிங் கலை மையம் 1960 இல் தொடங்கியது. இங்கிலாந்தின் யார்க்ஷயர் சிற்பப் பூங்கா, பணிக்கர் மறைந்த 1977 ஆம் ஆண்டிலேயே திறக்கப்பெற்றது. அவை பரந்த புல்வெளிகளில் அமைந்தவை. செல்வர்களின் கொடையும் பொதுப் பணமும் பின்னால் நிற்பவை. சோழமண்டலத்தின் பின்னால் நின்றது மெழுகுச் சட்டியும் சாயத் தொட்டியும்தான். அரசும் செல்வரும் வந்து தூக்கிவிடும்வரை காத்திராமல், கலைஞர்கள் தம் கையையே முதலாக வைத்து ஓர் ஊரைக் கட்ட முடியும் என்பதற்கு அது சான்றாக நிற்கிறது.

நமக்குரிய பாடம்

மாணவ நண்பர்களே! நம் வகுப்புகளில் பாடுபவர் உண்டு, வரைபவர் உண்டு, கவிதை எழுதுபவர் உண்டு. பட்டம் பெற்றபின் அவர்களில் பலர் அக்கலையை மூட்டை கட்டிப் பரண்மேல் வைத்துவிடப் போகிறார்கள். சிலர் கலையே வாழ்க்கை என்று கிளம்பி, வறுமையில் கசந்துபோகக்கூடும். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு என்று வாழ்ந்து காட்டினார் பணிக்கர். உழைப்பைக் கலைக்குப் பகையாக அவர் நினைக்கவில்லை. காலையில் சாயத்தில் தோய்ந்த கை மாலையில் தூரிகை பிடிப்பதில் இழிவு எதனையும் காணவில்லை. ஒரு கை மற்றொரு கைக்குச் சோறிட்டது, அவ்வளவே.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாணவர்களைச் சோழமண்டலத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். முடிந்தால் அவர்களுடைய பெற்றோரில் சிலரையும் அழைத்துச் செல்லுங்கள். தோல் வெட்டுபவரும், பீடி சுற்றுபவரும், நெசவாளரும், கொத்தனாரும் அந்தப் பூங்காவில் காணக்கூடியவை நம் பாடநூல்களில் இல்லை. கல்லையும் செம்பையும் தொட்டுப் பார்த்துப் பொருள் சொல்லும் விரல்கள் அவர்களுடையவை. கலையும் கைத்தொழிலும் இருவேறு குலம் என்ற எண்ணத்தை உடைக்கவே பணிக்கர் ஓர் ஊரைக் கட்டினார். அந்த எண்ணம் பாலாற்றங்கரையிலும் உடைய வேண்டும்.